மகாராஜன் சொன்ன ‘தெரியுது’

ஐந்து. இந்த எண்ணை மறக்காதீர்கள். சங்கரன்கோவில் மகாராஜனின் கண்களை ஐந்து முறை சோதித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை, முகாம்களில் நான்கு முறை. ஐந்து முறையும் ‘பார்வை சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். கண்ணுக்குள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. வாயைக் கேட்டார்கள், வாய் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.

மகாராஜனுக்கு வயது முப்பத்துநான்கு. பிறந்தபோது மூச்சு நின்று, தலைகீழாகப் பிடித்துத் தட்டி அழவைத்த பிள்ளை. நாலு வயதில் பேச்சு வந்தது. எழுத்தும் கணக்கும் வரவே இல்லை. அரசாங்கம் கொடுத்த அட்டையில் ‘அறிவுசார் குறைபாடு’ என்று இருக்கிறது. ஊர் வைத்திருக்கும் பெயர் வேறு. அதை அச்சில் ஏற்ற வேண்டியதில்லை.

ஆனால் குரல்! பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் கூவினால் பூ மார்க்கெட்டில் ஏலம் கேட்பவன் ஒரு நிமிஷம் வாயை மூடுவான். அதுதான் அவர் தொழில். பஸ் உள்ளே திரும்பும்போதே ஊர்ப்பெயரைக் கூவுவார். “குருவிகுளம், குருவிகுளம், குருவிகுளோம்!” “வாசு, வாசு, வாசு!” என்றால் வாசுதேவநல்லூர். “கடையலூர் கடையலூர்!” என்றால் கடையநல்லூர். யாரும் கொடுத்த வேலை இல்லை. பதினெட்டு வயதில் அவராக எடுத்துக்கொண்டது. கண்டக்டர்கள் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத களையெடுக்கிற பெண்கள், மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த வாத்தியார்கள், கை நிறையப் பையும் இடுப்பில் பிள்ளையுமாக வருகிறவர்கள் எல்லாருக்கும் மகாராஜன்தான் போர்டு.

“நான் ஒரு நா லீவு போட்டேன்னா ஒரு பஸ்ஸும் ஓடாது, கேட்டியளா” என்பார்.

“ஆமாவே, நீரு தும்முனா பஞ்சராயிரும்” என்பார்கள் டிரைவர்கள். அவர் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இந்த வண்டி பதினாறு வருஷம் ஒழுங்காக ஓடியது. கவிழ்த்தது ஒரு நல்ல காரியம்.

போக்குவரத்து அதிகாரிகள் ஒருநாள் வந்து எல்லாத் தனியார் பஸ்ஸிலும் ஏர்ஹாரனைக் கழற்றிக் கொண்டு போனார்கள். கழற்றியது சரிதான். காது கிழியும் சனியன்கள் அவை. வாசுதேவநல்லூர் பஸ் கைக்குழந்தை மாதிரி வீறிடும். குருவிகுளம் பஸ் யானை பிளிறும். கடையநல்லூர் பஸ்ஸின் ஹாரன் கல்யாண வீட்டு நாதஸ்வரத்தைக் கெடுத்து வாசித்த மாதிரி இருக்கும். மறுநாளிலிருந்து எல்லாப் பஸ்ஸும் ஒரே மாதிரி ‘பீப், பீப்’.

அதே மாதத்தில் குருவிகுளத்துக்கும் வாசுதேவநல்லூருக்கும் வண்டி விடுகிற முதலாளி தன் இரண்டு பஸ்ஸுக்கும் ஒரே பச்சை பெயிண்ட் அடித்தார்.

மகாராஜன் தடுமாற ஆரம்பித்தார். பஸ் உள்ளே வரும், வாயைத் திறப்பார், மூடுவார். சில சமயம் குத்துமதிப்பாகக் கூவுவார். முதல் நாள் ஒருவர் மாறி ஏறி வாசலிலேயே இறங்கிக்கொண்டார். அடுத்த நாள் இரண்டு பேர் ரயில்வே கேட்டில் இறங்கினார்கள். அதற்கடுத்து வந்தது வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமை சுந்தரம்மாள், வாசுதேவநல்லூரில் வாக்கப்பட்ட தன் மகளுக்கு வளைகாப்பு நடத்தப் போய்க்கொண்டிருந்தார். ஒரு கூடை வளையல், ஐந்து தூக்குவாளியில் ஐந்து வகைச் சோறு, ஏழெட்டுச் சொந்தக்காரப் பெண்கள். பச்சை பஸ் ஒன்று வந்தது. மகாராஜன் “வாசு, வாசு!” என்றார். எல்லோரும் ஏறினார்கள். கண்டக்டரிடம் “கடைசி ஸ்டாப்புக்கு எட்டுக் குடுப்பா” என்றார் சுந்தரம்மாள். கண்டக்டர் கடைசி ஸ்டாப்புக்குக் கொடுத்தார். கடைசி ஸ்டாப் குருவிகுளம். அது கிழக்கே கரிசல் காடு. மகள் இருந்தது மேற்கே மலையடிவாரம்.

இன்னொரு பச்சை பஸ் வந்தது. “குருவிகுளோம்!” என்றார். ஜாய்லின் ஏறினாள். ஜாய்லின் கண் பரிசோதனை செய்கிற பெண். குருவிகுளத்தில் அன்று முகாம். மடியில் சோதனைப் பெட்டி. கூட்டத்தில் கண்டக்டர் நெருக்கியடித்து அவளிடம் வந்து சேர்ந்தபோது பஸ் புளியங்குடியையும் தாண்டி வாசுதேவநல்லூரைத் தொட்டிருந்தது.

அன்று குருவிகுளத்தில் முப்பது பேர் கண்ணைக் காட்ட வந்து காத்திருந்தார்கள். வந்து இறங்கியது புளியோதரை.

சாயங்காலம் சுந்தரம்மாள் காலித் தூக்குவாளிகளோடு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்தார்.

“எங்கல அந்த மகாராசன்? எம்மவ கைய நீட்டிக்கிட்டு ராவுகாலம் வரைக்கும் உக்காந்திருக்கா! சம்மந்தகாரி போன்ல கேக்கா, ‘மதினி, வளைகாப்பா இல்ல டூரா’ன்னு! கூட வந்தவளுவ நாக்கு பத்தாதுன்னு அவ நாக்கு வேற!”

மகாராஜன் தூணுக்குப் பின்னால் நின்றார். தூண் ஒல்லி, அவர் ஒல்லி இல்லை.

டைம் கீப்பர் மாணிக்கராஜ் தன் அறையைவிட்டு வெளியே வந்தார். தனியார் பஸ்களுக்கெல்லாம் நேரம் குறித்து விரட்டி அனுப்புகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் இருக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் யாரோடாவது சண்டை போடுகிறவர். அன்று அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“மகாராசா, நாளைலருந்து நீ உள்ள வரப்பிடாது.”

“அண்ணாச்சி, பஸ்ஸு ஓடாதே?”

“ஓடட்டும், ஓடாம நிக்கட்டும். நீ வரப்பிடாது. ஒன்னிய நம்பி ஏறுத சனம் காட்டுல எறங்கி நிக்கி.”

யாரோ அவருடைய அக்கா யோகலட்சுமிக்குப் போன் போட்டிருந்தார்கள். தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற அக்கா. அம்மா அப்பா போன பிறகு மகாராஜனுக்கு வீடு அவள்தான். ஆபீசிலிருந்து நேரே ஓடி வந்தாள். வந்ததும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். “மூளைக்கு ஏறிட்டு, முத்திப்போச்சும்மா.” “கோயில் புத்துமண்ணைக் கரைச்சு நெத்தியில பூசு.” “இவங்களுக்குன்னு ஹோம் இருக்கு, அங்கன கொண்டு விட்டிரு, நல்லா பாத்துக்கிடுதாவளாம்.”

மகாராஜனுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. ‘வரப்பிடாது’ மட்டும் விழுந்தது. பஸ் ஸ்டாண்டு இல்லையென்றால் காலையில் எழுந்து எங்கே போவது? யாரைப் பார்த்து என்ன கூவுவது? வீட்டில் கூவினால் அடுத்த வீட்டுக்காரி கதவைச் சாத்துவாள். அவருக்கு இருந்த ஒரே இடம் அது. அது போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி ஜாய்லின் வந்து இறங்கினாள். திட்டுவதற்குத் தன் முறைக்காக வரிசையில் நின்றாள் என்றே சொல்லலாம்.

“அண்ணே, அவ்ளோ பெருசா எழுதிருக்கு. போர்டு தெரியலியா ஒங்களுக்கு?”

“தெரியுது” என்றார் மகாராஜன். தலையைக் குனிந்துகொண்டு, சட்டென்று.

ஜாய்லின் திட்ட வந்ததை மறந்தாள். இந்தக் குனிவு, இந்தச் சட்டென்று. எங்கேயோ கேட்ட குரல். போன தை மாதம், மாற்றுத்திறனாளிகளுக்கான முகாம். நீண்ட வரிசை. அவள் சுவரில் மாட்டிய அட்டையைக் காட்டி “தெரியுதாண்ணே?” என்றாள். “தெரியுது” என்றார். “என்ன படம்?” என்றாள். பதில் இல்லை. ‘படம் பெயர் சொல்ல வராது போல, பார்வை சரிதான்’ என்று எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஐந்தாவது சோதனை அவள் செய்ததுதான்.

தமிழில் இது பொல்லாத சொல். கண்ணில் படுகிறதா என்று கேட்கவும் ‘தெரியுதா’தான். மண்டையில் ஏறியதா என்று மிரட்டவும் ‘தெரியுதா’தான். ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் பிரம்பால் கரும்பலகையைத் தட்டி “தெரியுதால?” என்று கேட்டார். மகாராஜனுக்குப் பலகையே ஒரு கறுப்புக் கறைதான். “தெரியல” என்றார். பிரம்பு பலகையை விட்டு முதுகுக்கு வந்தது. மறுபடி “தெரியுதா?” “தெரியுது.” பிரம்பு நின்றது. அன்றைக்குக் கற்றுக்கொண்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் கற்ற ஒரே பாடம் அது, பக்காவாகக் கற்றிருந்தார். அதற்குப் பிறகு யார் அந்தக் கேள்வியைக் கேட்டாலும், வீட்டில் கேட்டாலும், வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேட்டாலும், அவருக்குக் கேட்டது பிரம்பின் சத்தம். பதில் தயாராக இருந்தது.

ஜாய்லின் அறுபதடி தள்ளி நின்ற ஒரு பஸ்ஸைக் காட்டினாள். “அந்தா நிக்கில்லா, அது எந்தூரு பஸ்ஸு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

மகாராஜன் நல்லாப் பார்க்க முடிவு செய்தார். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். வலது காதைப் பஸ் பக்கம் திருப்பினார்.

கூட்டம் சிரித்தது. சுந்தரம்மாளே சிரித்துவிட்டார். “பாக்கச் சொன்னா தூங்குதான் பாரு!”

ஜாய்லின் சிரிக்கவில்லை. “அக்கா,” என்றாள் யோகலட்சுமியிடம், “இவரு எப்பவும் இப்படித்தான் பாப்பாரா?”

“ஆமா. யோசிக்கான்னு நெனப்போம்.”

“யோசிக்கல. கேக்காரு.”

மாணிக்கராஜின் அறை ஜன்னலைச் சாத்தினார்கள். “ஏம்மா, ஆறு பத்து வண்டிய எடுக்கணும், இருட்டுக்குள்ள நான் எப்பிடி மணி பாக்க?” என்று அவர் கத்தினார். ஜாய்லின் பெட்டியைத் திறந்து பேனா கனத்தில் ஒரு விளக்கை எடுத்தாள்.

“மகாராஜண்ணே, நான் ஒரு கேள்வியும் கேக்கப்போறதில்ல. நீங்க ஒரு பதிலும் சொல்லாண்டாம். தூரத்துல அந்தக் காலண்டர் பக்கமா பாத்துக்கிட்டிருங்க, போதும்.”

கேள்வி இல்லாத பரீட்சை. மகாராஜன் வாழ்க்கையில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. சந்தோஷமாக உட்கார்ந்தார். அவள் விளக்கைக் கண்ணுக்குள் அடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். ஒவ்வொரு கண்ணாடி வில்லையாக முன்னால் பிடித்தாள். உள்ளே போன வெளிச்சம் திரும்பி வருகிற விதத்தைப் பார்த்தே பவரைச் சொல்லிவிடலாம், வாய் தேவையில்லை. வில்லை மாறிக்கொண்டே போனது. அவள் முகமும் மாறிக்கொண்டே போனது.

“மைனஸ் ஒம்பது.”

“அப்பிடின்னா?” என்றார் மாணிக்கராஜ்.

“கிட்டப் பார்வை. அண்ணாச்சி, ஒரு கை நீளத்துக்கு அங்கிட்டுப் போனா ஒங்க மூஞ்சி அவருக்கு வெறும் இட்லி.”

“நேர்ல பாத்தாலும் அப்பிடித்தானே” என்றார் வெளியே இருந்து ஒரு டிரைவர்.

யோகலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்தாள். தம்பி சாயங்காலமானால் வெளியே வர மறுப்பது, படியில் தடவித் தடவி இறங்குவது, டிவிக்குள் தலையை விடுவது எல்லாவற்றுக்கும் முப்பத்துநான்கு வருஷமாக ஒரே காரணம்தான் சொல்லிவந்தார்கள். ‘அவன் அப்படித்தான்.’ இதைவிடச் சோம்பேறித்தனமான வாக்கியம் தமிழில் இல்லை.

மகாராஜனுக்குத்தான் இதில் பெரிய ஆச்சரியம். பஸ் என்றால் சத்தத்தோடு வரும் ஒரு நிறம். மனிதர் என்றால் குரலோடு வரும் ஒரு உயரம். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

ஜாய்லின் சொன்னபடி யோகலட்சுமி அவரைப் பெரிய கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் விழித்திரையையும் காட்டி வந்தாள். பத்து நாளில் கண்ணாடி வந்தது. காதுக்குப் பின்னால் ரப்பர் பட்டி வைத்த கண்ணாடி. போட்டதும் மகாராஜன் முதலில் அக்காவைப் பார்த்தார்.

“அக்கா, ஒனக்குத் தல நரைச்சிருச்சே!”

“கடைக்காரர் முன்னாடியா சொல்லுவ, மூதி!”

“மூக்குல ஒரு துளி இருக்கு.”

“ஏலே, அது மூக்குத்தி.”

வீட்டுக்கு வருகிற வழியில் கோபுரத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க நின்றதில் யோகலட்சுமிக்குக் கால் வலித்தது. மரத்தில் இலை தனித்தனியாக இருக்கிறது என்ற செய்தியை அவர் எதிரே வந்த எல்லோருக்கும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

ஆனால் மாணிக்கராஜ் லேசில் விடுகிற ஆள் இல்லை.

“கண்ணாடி போட்டா படிப்பு வந்திருமாம்மா? போர்டு தெரியும். அதுல என்ன எழுதிருக்குன்னு தெரியணும்லா?”

யோகலட்சுமிக்கே தெரியும், அவர் சொன்னது நியாயம்.

“ஒரு காலைப்பொழுது குடுங்க அண்ணாச்சி.”

“குடுக்கேன். ஒரு ஆளு மாறி ஏறுனாலும் சரி, அத்தோட முடிஞ்சுது.”

திங்கட்கிழமை காலை மகாராஜன் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தார். ஒருத்தரையும் அடையாளம் தெரியவில்லை. பதினாறு வருஷமாகப் பழகிய டிரைவர்கள் எல்லோரும் அந்நிய முகங்களாக நின்றார்கள். அவருக்குத் தெரிந்தது அவர்கள் குரல்; முகம் புதுசு. பார்வை வந்த பிறகு ஊரே காணாமல் போன கதை.

நேராக முதல் பச்சை பஸ்ஸின் டிரைவர் ஜன்னலுக்குப் போனார்.

“பேசுங்கண்ணே.”

“என்னத்தல பேச? காலங்காத்தால?”

“ஆங்! கிங்ஸ்லி அண்ணன்!” அந்த முகத்தை முழுங்குவதுபோலப் பார்த்தார். முறுக்கு மீசை. முன்கண்ணாடியில் தொங்கும் சிவப்புப் பொம்மை. கிங்ஸ்லி என்றால் குருவிகுளம். அடுத்த பச்சை பஸ்ஸுக்கு ஓடினார். “பேசுங்கண்ணே.”

“ஓம் மூஞ்சில என்னல சோடாபுட்டி?”

வெள்ளத்துரை. வழுக்கை. வெள்ளத்துரை என்றால் வாசுதேவநல்லூர். இப்படியே பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சுற்றினார். கடையநல்லூர் டிரைவர் அப்போதுதான் வெற்றிலை போட்டிருந்தார். அவர் துப்பிவிட்டுப் பேசும்வரை காத்திருந்தார். சுற்றி முடித்து, தன் பழைய இடத்தில் வந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

“குருவிகுளம், குருவிகுளம், குருவிகுளோம்!”

பூ மார்க்கெட்டில் யாரோ “வந்துட்டான்டே!” என்றார்கள்.

ஒன்பது மணிவரை ஒரு பிசகு இல்லை. மாணிக்கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பதேகாலுக்கு ஒரு பச்சை பஸ் வந்தது. மகாராஜன் வாயைத் திறந்தார். முன்கண்ணாடியில் சிவப்புப் பொம்மை. பொம்மைக்குப் பின்னால் வழுக்கை.

கிங்ஸ்லிக்குப் பல்வலி. வெள்ளத்துரை அவர் வண்டியை எடுத்துவந்திருந்தார். இது யாரும் போட்ட திட்டம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் தினமும் நடப்பதுதான்.

பொம்மை குருவிகுளம் என்றது. வழுக்கை வாசு என்றது. பெட்டி, மூட்டை, பிள்ளைகளோடு சனம் மகாராஜன் வாயைப் பார்த்து நின்றது. மாணிக்கராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“என்ன மகாராசா, எந்தூரு? தெரியுதா?”

அந்தக் கேள்வி. அவர் தலை தானாகக் குனிந்தது. பதில் தானாக நாக்குக்கு வந்தது. அதைச் சொல்லிவிட்டுக் குத்துமதிப்பாக ஒரு ஊரைக் கூவினால் இந்த நிமிஷம் தப்பிக்கலாம். முப்பது வருஷமாகத் தப்பித்த வழி.

மகாராஜன் தலையை நிமிர்த்தினார். கண்ணாடி வழியாக மாணிக்கராஜின் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். கையில் பிரம்பு இல்லை. பாதி குடித்த டீ.

“தெரியல அண்ணாச்சி” என்றார் உரக்க. பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. அவருக்கு மெதுவாகப் பேச வராது. “தெரியல! பொம்ம கிங்ஸ்லி அண்ணன், தல வெள்ளத்தொர அண்ணன்! எந்தூருன்னு நீரு சொல்லும்!”

சிரிப்பு கிளம்பியது. வெள்ளத்துரை தலையைத் தடவிக்கொண்டார். மாணிக்கராஜ் கையைத் தூக்கிச் சிரிப்பை நிறுத்தினார்.

“குருவிகுளம்ல. குருவிகுளம்.”

“குருவிகுளோம்!”

ஏறவேண்டியவர்கள் ஏறினார்கள். மாணிக்கராஜ் விசிலை ஊதி பஸ்ஸை அனுப்பிவிட்டு, ஒதுங்கி நின்ற யோகலட்சுமியிடம் வந்தார். அவள் ஆபீசுக்கு லேட்டாகிக்கொண்டிருந்தாள்.

“நீ போம்மா வேலைக்கு. தெரியலன்னு சொல்லத் தெரிஞ்சவன் எவனையும் காட்டுல எறக்க மாட்டான். இங்கன தெரியாமலே தெரியும் தெரியும்னு ஓட்டுதவன்தான் பாதிப்பேரு.” பிறகு மகாராஜனைப் பார்த்துக் கத்தினார்: “ஏலே, தூசியச் சொமந்துக்கிட்டு நிக்காத, கண்ணாடியத் தொடச்சுப் போடு! டீ ஆறுது பாரு!”

“அண்ணாச்சி, ஒங்க மூக்குல ஒரு மரு இருக்கு.”

“இருக்கட்டும். அதக் கூவாத.”

ஒரு வாரம் கழித்து ஜாய்லின் பெட்டியோடு வந்தாள். தை மாத முகாமில் வாயைக் கேட்டு ‘சரி’ என்று எழுதிய முப்பத்தொரு பேரையும் மறுபடி சோதிக்கக் குருவிகுளத்துக்கு வரச்சொல்லியிருந்தாள். இந்தத் தடவை விளக்கு, வில்லை, தொட்டுக் காட்டுகிற படம் மட்டும். ‘தெரியுதா’ என்ற சொல்லுக்குத் தடை. அவளோடு வந்த உதவிப் பெண் பழக்கதோஷத்தில் அதைச் சொன்னால் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கித் தரவேண்டும் என்று ஒப்பந்தம்.

“தங்கச்சி, இதான் குருவிகுளம். நெசமா” என்று மகாராஜன் அவளைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். கூடவே ஓடிப்போய் டிரைவரிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் அவள் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். கையில் காலி மிட்டாய் டப்பா. யோகலட்சுமி தம்பியைக் கூட்டிப்போக வந்திருந்தாள். முப்பத்தொரு பேரில் எத்தனை பேருக்குக் கண்ணாடி வேண்டும் என்று கேட்டாள்.

பதினான்கு.